கற்பூரமாக நிற்கிற தாய்

மூன்று வருஷமாக மனசில் சுமந்த நேர்த்திக்கடனை இந்த ஜூன் மாதம் ஜப்பானில் காமகுரா என்கிற ஊரில் தீர்த்துவிட்டு வந்தோம்.

ஐந்தாம் மாதத்தில் என் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனபோது, பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டிதான் என்னை அங்கே ஹசேதெரா கோயிலுக்குக் கூட்டிப்போனார். பிறக்காமலே போன குழந்தைகளைக் காக்கிற ஜிசோ சாமி இருக்கிற இடம். அன்று ராத்திரி திருநெல்வேலியிலிருந்து அம்மா போனிலேயே வேண்டிக்கொண்டார்: "அடுத்தது முழுசா என் கைக்கு வரட்டும். நானே தூக்கிட்டு வந்து அந்தச் சாமி முன்னால படுக்க வைக்கேன்."

இப்போது மகளுக்கு ஏழு மாதம். அம்மாவும் வந்துவிட்டார். யோகோஹாமாவிலிருந்து காமகுரா வரை ரயிலில் அரை மணிகூட ஆகவில்லை. அதற்கப்புறம் ஹசேவுக்கு மூன்றே ஸ்டேஷன்தான், ஆனால் அந்தக் குட்டி எனோதென் ரயிலில் மூச்சு விட இடமில்லை. கைக்குழந்தையோடு நிற்கிறோம், ஒருவரும் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை. மனசு நொந்துவிட்டது. கோயிலுக்குள்ளும் ஹைட்ரேஞ்சியா பூப் பார்க்க டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் கூட்டம். சாமிக்காகப் போகிறவர்கள் ஜூனைத் தவிர்த்துவிடுங்கள்.

ஹசேதெராவுக்கு முன்னால், பக்கத்துக் கோயிலில் இருக்கிற பெரிய புத்தரைக் கும்பிட்டோம். 1252இல் வார்க்கத் தொடங்கிய வெண்கலத் திருமேனி. பீடம் இல்லாமலே 11 மீட்டருக்கு மேல். சுற்றியிருந்த மண்டபம் என்றோ அழிந்துபோய், ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "கூரை போயும் முகம் வாடலியே" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹசேதெராவில் படி ஏறும் வழியிலேயே ஜிசோ சந்நிதி. சின்னச் சின்னச் சிலைகள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுத் துக்கம். அம்மா முந்தானையை விரித்துப் பேத்தியை ஒரு நொடி படுக்கவைத்து எடுத்தார். நான் அந்த முதல் பிள்ளையிடம், தங்கச்சி வந்திருக்கா பாரு என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே ஏறினார். கருணைத் தெய்வமான கன்னோனின் மண்டபத்து அரையிருட்டில் நிமிர்ந்தால், பொன் பூசிய தாய், பதினொரு முகத்தோடு. 9.18 மீட்டர் உயரம். அம்மா இடுப்பில் செருகியிருந்த கற்பூரப் பொட்டலத்தை எடுத்துவிட்டார். சந்நிதிக்குள் ஏற்ற வழியில்லை என்றதும் முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு தூரம் வந்து ஒரு ஆரத்திகூட இல்லாமலா?

அப்போதுதான் என் கணவர் அந்தத் தலபுராணத்தைச் சொன்னார். "அத்தை, இவங்களைச் செஞ்சதே கற்பூரம் எடுக்கிற மரத்துலதான். 721ல தொகுதோங்கிற துறவி ஒரே மரத்துல ரெண்டு சிலை செய்ய வச்சாராம். ஒண்ணு நாரா பக்கம் இருக்கு. இன்னொண்ணைக் கடல்ல விட்டுட்டாங்க. எங்கே தேவையோ அங்கே போய்ச் சேரட்டும்னு. பதினஞ்சு வருஷம் கழிச்சு இந்தப் பக்கத்துக் கரையில ஒதுங்கிச்சாம்."

அம்மா அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கன்னோன்தான் நம் பக்கத்தில் அவலோகிதர் என்று சொல்கிற போதிசத்துவர். அகத்தியருக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று வீரசோழியம் என்கிற பழைய தமிழ் இலக்கண நூல் பாடுகிறது. அதனால்தானோ என்னவோ, அம்மா கூசாமல் நம் ஊர்த் தமிழிலேயே பேசினார். "தண்ணியில கெடந்து வந்தவ நீ. எம்புள்ள பட்டது ஒனக்குத் தெரியாதா? கொடுத்துட்டியே தாயி, கொடுத்துட்டியே."

பொட்டலத்தைப் பிரிக்காமலே கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினார். "இத வீட்டுல ஏத்திக்கிடுவோம் ஏட்டி. இங்க அவளே கற்பூரமா நிக்கா."

வெளியே வந்தால் கீழே யுய்காஹாமா கடல். மகள் தோளில் தூங்கிவிட்டாள். தாயே, ஜிசோ சாமியே, என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போன அந்தப் பாட்டியே, உங்கள் எல்லோருக்கும் கோடி நமஸ்காரம்.