டச்சுக்காரர் இருந்தார், சுரங்கம்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே எழும் சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரில் ஒரு தங்கச் சுரங்கம் மறைந்து கிடப்பதாக நூறாண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டு வருகிறது. பெரால்டா என்ற மெக்சிகோ குடும்பத்தார் 1840களில் அங்கே தங்கம் வெட்டினார்கள், அப்பாச்சி என்ற பழங்குடியினர் அவர்களைக் கொன்றார்கள், பின்னாளில் அந்தச் சுரங்கத்தைக் கண்டடைந்த ஜேக்கப் வால்ட்ஸ் சாகும் தறுவாயில் அதன் அடையாளத்தைச் சொல்லிவிட்டுப் போனார் என்பது கதை. இதில் எந்தப் பகுதிக்கு எழுத்துச் சான்று இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் நான் சில வாரங்கள் பழைய பதிவுகளைத் தேடிப் படித்தேன்.

முதலில் வியந்தது, வால்ட்ஸ் கற்பனை மனிதர் அல்லர் என்பதைக் கண்டுதான். அவர் ஜெர்மானியர். 'டாய்ச்' என்பது அமெரிக்கப் பேச்சில் 'டச்சு' ஆனதால் 'டச்சுக்காரர்' என்று பெயர் பெற்றாரே தவிர, நெதர்லாந்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. 1848இல் மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸில் குடியுரிமைக்கு விருப்பம் தெரிவித்து, 1861இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அதைப் பெற்றார். 1864ஆம் ஆண்டின் அரிசோனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவர் இருக்கிறார். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி வால்ட்ஸ், வால்ட்சர் என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பதால், ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடுபவர் அவரைத் தவறவிடுவார். தளர்வாகத் தேடுபவரோ வேறொருவரை அவராக எண்ணிக்கொள்வார். 1891 பிப்ரவரியில் சால்ட் ஆற்று வெள்ளம் அவருடைய நிலத்தைச் சூழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று ஃபீனிக்ஸில் ஜூலியா தாமஸ் என்ற பெண்மணியின் வீட்டில் காலமானார்.

அரிசோனாவின் பிரெஸ்காட் வட்டாரத்தில் சுரங்க உரிமைகளைப் பதிவு செய்த மனிதர் இவர். அதாவது பதிவின் பயனை நன்கு அறிந்தவர். சூப்பர்ஸ்டிஷன் மலையிலோ அவர் பெயரில் அப்படியொரு பதிவு இல்லை. இரகசியம் காப்பதற்காகவே பதியவில்லை என்பார்கள். அப்படிச் சொல்பவரிடம் எந்த ஆவணத்தைக் காட்டினாலும் பயனில்லை.

கதை அச்சேறுவது அவர் இறந்த பிறகுதான். ஐஸ்கிரீம் கடை நடத்திவந்த திருமதி தாமஸ் தொலைந்த சுரங்கத்தைத் தேடி மலையேறியிருக்கிறார் என்று 1892 செப்டம்பரில் ஓர் உள்ளூர் வார இதழ் சற்றே கேலியாகச் செய்தி வெளியிட்டது. 1895இல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வந்த கட்டுரையில் அடையாளங்களும் திருப்பங்களும் பெருகிவிட்டன.

என்னை அதிகம் ஈர்த்தது பெரால்டா என்ற பெயர். படுகொலை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துப் பதிவு எதிலும் அது இல்லை. ஆனால் அதே பெயர் அரிசோனாவில் வேறொரு வழக்கால் பிரபலமாயிற்று. ஜேம்ஸ் ரீவிஸ் என்பவர் டான் மிகேல் டி பெரால்டா என்ற ஒரு பிரபுவையே கற்பனையில் உருவாக்கி, அவருக்கு ஸ்பெயின் மன்னர் நில மானியம் அளித்ததாகப் போலி ஆவணங்கள் தயாரித்து, ஆவணக் காப்பகங்களிலேயே அவற்றைச் செருகிவைத்தார். சுமார் 1 கோடியே 20 லட்சம் ஏக்கர் தமக்குரியது என்று 1883இல் உரிமை கோரினார். ராயல் ஜான்சன் என்ற நில அளவைத் தலைமை அதிகாரி 1889இல் அளித்த அறிக்கை அந்தக் கோரிக்கையைத் தகர்த்தது. இறகுப் பேனாவின் காலத்தவை எனப்பட்ட தாள்களில் எஃகு முனைப் பேனாவின் தடம் இருந்தது. 1895இல் நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளியது, மறு ஆண்டு ரீவிஸ் சிறை சென்றார். சுரங்கக் கதை உருவாகி வந்த ஆண்டுகளிலேயே இந்தப் பெயர் ஊர்வாயில் அடிபட்டிருக்கிறது. கதைக்குள் அது இவ்வழியே நுழைந்திருக்கலாம் என்பது என் ஊகம், அவ்வளவே.

1931 ஜூனில், சுரங்கக் கதையின் பெரால்டா குடும்பத்திடமிருந்து வந்ததாக நம்பிய ஒரு வரைபடத்துடன் அடால்ஃப் ரூத் என்ற முதியவர் அந்த மலைக்குள் போய்க் காணாமற்போனார். டிசம்பரில் மண்டையோடு கிடைத்தது. அடுத்த மாதம் எஞ்சிய எலும்புகளும் உடைமைகளும் கிடைத்தன. தாளையும் மையையும் சோதித்துப் பார்த்திருக்கக்கூடிய அந்த வரைபடம் மட்டும் அவற்றுள் இல்லை.