கரைதட்டிய கப்பல், கறைபடிந்த கவுன்

பாரா தீவில் விமான ஓடுபாதையே கடற்கரைதான். பேச்சுக்குச் சொல்லவில்லை. கடல் உள்வாங்கிய பிறகு தெரியும் ஈரமணலில் விமானம் இறங்குகிறது, அதனால் அட்டவணையைப் போடுவது கடலின் ஏற்ற இறக்கம். கிளாஸ்கோவிலிருந்து வந்த குட்டி விமானத்தின் சக்கரம் மணலைத் தொட்டதும் என் ஜன்னலில் உப்புத்தண்ணீர் தெறித்தது. பக்கத்து இருக்கைப் பாட்டி பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ஸ்காட்லாந்தின் மேற்கு ஓரத்திலிருக்கும் இந்தத் தீவுக்கு நான் வந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்காக. 'விஸ்கி கலோர்', 1949, ஈலிங் ஸ்டூடியோ தயாரிப்பு. பிரிட்டிஷ் கப்பல் நகைச்சுவைகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு மக்கு அட்மிரல், ஒரு தில்லாலங்கடி மாலுமி, அவ்வளவுதான். இதில் கப்பல் ஆரம்பத்திலேயே பாறையில் ஏறி உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் கரையிலிருக்கும் சனங்கள்தான் கதை. போர்க்காலம், தீவில் ஒரு சொட்டு விஸ்கி இல்லை, எதிரே கடலில் கப்பல் நிறைய விஸ்கி. வேறென்ன வேண்டும்?

1948 கோடையில் மொத்தக் குழுவும் இங்கேயே வந்து படம் எடுத்தது. இயக்குநர் அலெக்ஸாண்டர் மெக்கெண்ட்ரிக்குக்கு இதுதான் முதல் படம். ஊர்ப் பொதுக்கூடத்தையே ஸ்டூடியோவாக்கி, ஊர்க்காரர்களையே கூட்டத்தில் நிற்க வைத்தார்கள். மழை விடவில்லை, படப்பிடிப்பு வாரக்கணக்கில் இழுத்தது. நான் போன நாட்களிலும் அதே மழைதான் என்பதால் மெக்கெண்ட்ரிக் மேல் ஒரு தனி அனுதாபம் வந்துவிட்டது.

கதை கற்பனை இல்லை. 1941 பிப்ரவரி 5 அன்று, லிவர்பூலிலிருந்து ஜமைக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிய 'பாலிட்டிஷியன்' என்ற சரக்குக் கப்பல் பக்கத்துத் தீவான எரிஸ்கே அருகே கரைதட்டியது. அரசியல்வாதி என்று பெயர் வைத்தால் வேறு எப்படிப் போகும்? படத்தில் அதற்கு 'கேபினெட் மினிஸ்டர்' என்று பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். மாலுமிகள் அனைவரும் தப்பினார்கள். உள்ளே சுமார் 2,64,000 பாட்டில் விஸ்கி.

கடல் கொடுத்ததை எடுப்பது திருட்டில்லை என்பது தீவுக்காரர்கள் கட்சி. ஏற்றுமதிச் சரக்கு என்பதால் ஒரு பாட்டிலுக்கும் வரி கட்டப்படவில்லை என்பது சுங்க அதிகாரி கட்சி. ராத்திரியில் படகு போட்டுப் போனவர்கள் கப்பலின் உள்ளறையில் எண்ணெய் மிதக்கும் தண்ணீருக்குள்ளிருந்துதான் பெட்டிகளை இழுக்க வேண்டியிருந்தது. நல்ல துணி பாழாகும் என்று பெண்டாட்டியின் பழைய கவுனை மாட்டிக்கொண்டு போனார்களாம்! மீசை வைத்த மீனவர்கள் வரிசையாகக் கவுனில் துடுப்புப் போடும் காட்சியை நினைத்து நான் பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் மாட்டினாய் என்று அர்த்தம். சிலர் இன்வர்னஸ் சிறைக்கே போனார்கள். படத்தில் அந்தச் சிறை கிடையாது. சிரிப்புப் படமாயிற்றே.

இந்தக் கதையை முதலில் நாவலாக எழுதிய காம்ப்டன் மெக்கென்சியின் வீடு அந்த மணல் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போர்க்காலத்தில் இந்தத் தீவின் ஊர்க்காவல் படைக்கு அவர்தான் தலைவர். படத்தில் ஊர்க்காவல் படைத் தலைவர் வாகெட், விஸ்கியைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று ஊரையே பகைத்துக்கொண்டு கடைசியில் கேலிப்பொருளாகிறவர். தன் நாற்காலியில் அப்படியொரு ஆளை உட்கார வைத்துச் சிரித்த மனுஷன்! போதாதென்று, கரைதட்டும் கப்பலின் கேப்டனாகப் படத்தில் தலையும் காட்டியிருக்கிறார்.

காசில்பே ஊரில் குன்றின் மேல் ஒரு மாதா கோயில், கடலின் விண்மீன் என்று பெயர். பாரா கத்தோலிக்கத் தீவு என்பது அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. படத்தில் ஆண்கள் படகைத் தள்ளப் போகும் நொடியில் மணி பன்னிரண்டு அடித்துவிடும். ஓய்வுநாள் பிறந்தாயிற்று, வேலை செய்யக் கூடாது. ஞாயிறு முழுக்கக் கப்பலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அத்தனை கண்டிப்பான ஓய்வுநாள் வடக்குத் தீவுகளின் புராட்டஸ்டன்ட் வழக்கம். நாவலில் இரண்டு மதத்துக்கும் ஆளுக்கொரு தீவு இருந்தது, படத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள். இருந்தாலும் படத்தின் ஆகச்சிறந்த காட்சி அந்த மணியோசைதான். பொய்யாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எரிஸ்கேவுக்குப் படகில் நாற்பது நிமிடம். முதல் நாள் காற்றென்று ரத்து. படகுத்துறையில் நான்கு மணிநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போய்ச் சேர்ந்தேன். கப்பலின் பெயரையே வைத்து 1988இல் திறந்த மதுக்கடை அங்கே இருக்கிறது. கப்பலிலிருந்து வந்த பாட்டில்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. டீ கேட்டேன். கல்லாவிலிருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தார். பாட்டில்களைக் காட்டி, "இதற்கெல்லாம் வரி கட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"டீக்கு மட்டும் கட்டிவிட்டுப் போ" என்றார்.