பிரசவ அறைக்குள் அக்காவுக்குத் துணையாக

"உள்ளே நீதான் என்கூட வரணும்" என்று அக்கா சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தானுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டார். துணை யார் என்பது கர்ப்பிணியின் விருப்பம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையே சொல்கிறது; இது நாங்கள் சேர்ந்து போன பிரசவப் பயிற்சி வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் விடுவார்களா என்று முதலிலேயே கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுத வைத்தோம்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு ஐஸ் கட்டியைக் கொடுத்து, ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். இருபது வினாடியில் கீழே போட்டுவிட்டேன். அக்கா கண்ணை மூடி, மூச்சை நீளமாக விட்டு விட்டு, முழு நிமிடமும் பிடித்திருந்தாள். வலி முற்றும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் இருக்கும், நடுவில் ஓய்வு கிடைக்கும் என்றார் பயிற்சி கொடுத்த நர்ஸ்.

வலிக்கு இடைவெளி கணக்கிடுவதில் நான் சொதப்பினேன். ஒரு வலி முடிந்து அடுத்தது வரும் வரை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ண வேண்டுமாம். பனிக்குடம் உடைந்தால் நீரின் நிறத்தைப் பார். பச்சையாக இருந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காமல் கிளம்பு என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள்.

வலி ராத்திரியில் தொடங்கியது. விடியும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு "மூணு சென்டிமீட்டர்தான்" என்றார்கள். அக்காவின் முகம் வாடிப்போனது. முதல் பிரசவத்தில் ஐந்து சென்டிமீட்டர் வரைக்கும் மெதுவாகத்தான் போகும் என்று படித்திருந்ததால் நான் பதறவில்லை. வராந்தாவில் நடந்தோம்.

மதியத்துக்கு மேல் வலி முழுக்க இடுப்பில் இறங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்து அவள் குனிய, நான் முஷ்டியை முதுகெலும்பு முடிகிற இடத்தில் வைத்து அழுத்தினேன். "கீழே... இன்னும் கீழே... அங்கதான், எடுக்காதே!" அந்த ஓரங்குலம் தள்ளிப்போனாலும் திட்டு விழும். "சூப்பர், தைரியமா இரு" என்று ஒருமுறை சொல்லப்போய், "வாயை மூடுடி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பேசவே இல்லை. அவளுக்குக் கேட்கும்படி மூச்சு மட்டும் விட்டேன்.

எட்டு சென்டிமீட்டரில் "என்னால முடியலை, வீட்டுக்குப் போலாம்" என்று அழுதாள். இந்தப் பேச்சு பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வரும் என்று நர்ஸ் முன்பே சொல்லி வைத்திருந்தார். இல்லையென்றால் நானும் அழுதிருப்பேன்.

முக்கி முடித்து, குழந்தையை அப்படியே அவள் மார்பில் போட்டார்கள். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் காத்திருந்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தேன்.

"கையை விரிடி, பாப்பாவைத் தொட்டுப் பாரு" என்றாள் அக்கா. அப்போதுதான் கவனித்தேன், வலக்கை இன்னும் முஷ்டியாகவே இருந்தது.