இந்த வாரம் உங்கள் முறை

கீழ்வீட்டுப் பாட்டி என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

2018 அக்டோபர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு நான் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் பாட்டி நிற்கிறார், கையில் ஒரு சின்ன மரப்பலகையோடு. "ஹெர்..." (நம் ஊர் 'திரு') என்று ஆரம்பித்து, அப்பாவின் முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அதனால் இங்கே வங்கி, அலுவலகம், தபால்பெட்டி எல்லாவற்றிலும் நான் அப்பாதான். எங்கள் வீட்டில் அம்மா வாயிலிருந்து ஒருநாளும் வராத பெயர் அது. ரேஷன் கடையில் கேட்டால்கூட அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான்தான் சொல்லுவேன். அந்தப் பெயரைச் சொல்லி, அடுத்த மூச்சில் மாடிப்படியைக் காட்டி, "இந்த வாரம் உங்கள் முறை. இன்றைக்குச் சனிக்கிழமை. படி அப்படியே கிடக்கிறது" என்றார்.

என் ஜெர்மனுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவர் முகம் சொல்லிவிட்டது. 'அப்பன் பேரைக் கெடுக்காதே' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை நான். அந்த ஊருக்கு என் அப்பா யாரென்றே தெரியாது. ஆனாலும் மன்னார்குடியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதரை யாரோ வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனதுபோல இருந்தது.

அந்தப் பலகையை முந்தைய ஞாயிறு இரவே என் கதவுப்பிடியில் பார்த்திருந்தேன். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது என்று நினைத்துப் படிக்கட்டு ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்துவிட்டேன். அதில் 'கேர்வோகே' என்று எழுதியிருந்தது. பெருக்கும் வாரம் என்று அர்த்தம். எங்கள் தளத்தில் இரண்டு வீடுகள். ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் எதிர்வீட்டுக்கு. யார் கதவில் பலகை தொங்குகிறதோ, அவர் தன் தளத்தையும் அடுத்த தளம் வரை கீழிறங்கும் படிகளையும் பெருக்கித் துடைக்க வேண்டும். முடித்ததும் பலகையை எதிர்க்கதவில் மாட்ட வேண்டும். இது சின்ன முறை. பெரிய முறை என்று இன்னொன்று உண்டு. அது மொத்தக் கட்டடத்துக்கும் சுற்றிவரும். நடைபாதை, முற்றம், குப்பைத்தொட்டி, நிலவறை, பனி விழுந்தால் பனியும் அதில் சேர்த்தி.

அன்றிரவு அக்காவிடம் போனில் சொன்னபோது, "நம்ம ஊர் தண்ணி முறை மாதிரின்னு சொல்லு" என்றாள். அவ்வளவுதான், எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்துத்தானே விடுவார்கள். இன்று யார் மடை என்பது ஊருக்கே தெரியும். முறை தவறியவன் மறுநாள் டீக்கடையில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

இந்தப் பழக்கத்தின் வேர் ரொம்பப் பழையது. 1492-லேயே இந்த நகரத்துக்கு ஒரு சட்டம் இருந்திருக்கிறது. எபர்ஹார்ட் என்ற பிரபுவின் காலம். அவரவர் வீட்டுச் சாணக்குப்பையை வாரம் ஒருமுறை அப்புறப்படுத்த வேண்டும் என்பது அதில் உண்டு. 1714-ல் தெருக்களைச் சுத்தம் செய்யத் தனி ஆணையே வந்தது. எனக்கு ஆச்சரியம் தந்தது 1988-ல் நடந்ததுதான். மன்ஃப்ரேட் ரோமெல் மேயராக இருந்தபோது, வாராவாரம் பெருக்கியே ஆக வேண்டும் என்ற நகர விதியை எடுத்துவிட்டார்கள். எடுத்து முப்பது வருடம் கழித்துத்தான் நான் வருகிறேன், என் கதவில் பலகை தொங்குகிறது! வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கள் கட்டடத்தில் யாரும் அந்த வரியைப் படித்துவிட்டுத் துடைப்பம் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் படியில் இறங்குவார் என்பதற்காக எடுக்கிறார்கள். எதிர்வீட்டில் இருக்கும் குரோவேஷியக்காரர், வந்த புதிதில் தன் வீட்டு மணியும் இதே மாதிரி அடித்தது என்று என் தோளைத் தட்டிச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை உடனே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தேன். பாட்டி போகவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் என் வாசல் மிதியடியைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வந்து, செருப்பு நுனியால் மிதியடியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் மிதியடியின் அளவுக்கே கனகச்சிதமாக ஒரு செவ்வகம், மாவு தூவியதுபோல மண். அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார். மேலிருந்து கீழேதான் வர வேண்டும். படியின் மூலையில் துடைப்பத்தின் நுனியைச் செங்குத்தாக நிறுத்திச் சுழற்ற வேண்டும். ஈரத்துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். அழுக்கானால் புதுப் பக்கம். கைப்பிடியை மறக்கக் கூடாது, ஜன்னல் விளிம்பையும். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. பெருக்குவதை எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்த இடத்தில்தான் எனக்கு அக்கா நினைவு வந்தது.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எட்டு வயதில் அவள் கையில் துடைப்பம் வந்துவிட்டது. அம்மா சாணி கரைத்து வாசல் தெளிப்பாள், அக்கா பெருக்குவாள். பத்து வயதில் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டாள். கோலத்தில் இழை விட்டுப்போனால் தலையில் ஒரு குட்டு விழும். "நாளைக்குப் போற வீட்டுல என்னைத்தான் சொல்லுவாங்க" என்பாள் அம்மா. விடியற்காலை ஐந்து மணிக்கு சரக் சரக் என்று அந்தச் சத்தம் கேட்கும். பதினேழு பதினெட்டு வருடம் அந்தச் சத்தத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அது யாருடைய இடுப்பு, யாருடைய கை என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அன்றும் அக்கா வாசலைக் கூட்டிவிட்டுத்தான் பரீட்சைக்குப் போனாள். எனக்குப் பொதுத்தேர்வு வந்தபோது ஹார்லிக்ஸைப் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுத்து எழுப்பினார்கள். எங்களை யாரும் உட்காரவைத்து இது உன் வேலை, இது உன் வேலை இல்லை என்று பாடம் நடத்தவில்லை. ஒருத்திக்குத் தூசி கண்ணில் படும்படியும், ஒருத்தனுக்குப் படாதபடியும் அந்த வீடும் தெருவும் சேர்ந்து வளர்த்துவிட்டன. எனக்கு அந்த மண் செவ்வகம் தெரியாமல் போனதற்கு வேறென்ன காரணம் சொல்வது?

இதற்காக அம்மாவின் மீது எனக்குக் கோபமில்லை. அக்காவுக்கு நான் பட்ட கடன் பெரிது என்ற வருத்தம் உண்டு. அது இன்னும் ஆறவில்லை.

மற்ற பழக்கங்கள் சீக்கிரமே வந்து ஒட்டிக்கொண்டன. டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால், யாரென்றே தெரியாத ஏழெட்டுப் பேருக்கும் சேர்த்து வணக்கம் சொல்ல வேண்டும். காலிப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை துளையிடும் எந்திரத்தைத் தொடவே கூடாது. ஞாயிறு ஓய்வுநாள் என்பது இவர்களுடைய அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. பாதசாரி சிவப்பு விளக்கில் கடந்தால் அபராதம் 5 யூரோதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, கார் ஒன்றுகூட வராத சாலையில் மனிதர்கள் நிற்பது அந்த ஐந்து யூரோவுக்காக இல்லை. பகலில் எதிர்ப்பக்கம் ஒரு குழந்தை நின்றிருந்து நீங்கள் கடந்தீர்களோ, பெற்றவர்கள் பார்க்கிற பார்வை போதும். பிறந்தநாளுக்கு முதல்நாளே வாழ்த்துச் சொன்னால் ஆகாது என்று இங்கேயும் ஒரு சகுனம் பார்க்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஊருக்கே போய்வந்ததுபோல இருந்தது.

இரண்டாவது வருடம் இந்த ஊர் பழகிவிட்டது என்றே அம்மாவிடம் சொன்னேன். ஆனால் டிசம்பர் வந்தால் நாலரைக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து துடைப்பத்தை எடுத்தால் கை தயங்கும். விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்று கேட்டு வளர்ந்த காது. பெருக்குவதுதான் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே தவிர, எப்போது பெருக்கக் கூடாது என்பது மட்டும் எப்படியோ உள்ளே இறங்கியிருந்தது. ஜூன் மாதம் சூரியன் மறைய ராத்திரி ஒன்பதரை ஆகும். அப்போது விளக்கு வைக்கிற நேரம் எது? அம்மாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆறரைன்னு வச்சுக்கோ. சாமிக்குத் தெரியும்" என்றாள். இன்றுவரை எனக்கு ஆறரைதான்.

2022 மே மாதம் அம்மா வந்தாள். இரண்டு மாதம் இருந்தாள். அப்பா வரவில்லை, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார். வந்த முதல் சனிக்கிழமை நான் துடைப்பத்தை எடுத்ததும் அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"ஆம்பளப் புள்ள படியப் பெருக்குறதப் பார்த்தா அந்தக் கீழ்வீட்டம்மா என்னைப் பத்தி என்ன நினைக்கும்? வந்தும் சும்மா உக்காந்திருக்கான்னு சொல்லாது?"

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். என்ன கை அது! மிதியடியை யாரும் சொல்லாமலே முதலில் தூக்கி உதறினாள். மூலை முடுக்கெல்லாம் துடைப்பம் தானாகப் போய் வந்தது. பாதிப் படியில் பாட்டி கடைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். அம்மா ஒதுங்கிச் சிரித்தாள். பாட்டியும் சிரித்தார். அப்புறம் தலையைத் தூக்கி, மேலே நின்றுகொண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், 2018-க்குப் பிறகு அப்படி ஒரு பார்வையை நான் பார்க்கவில்லை. மறுநாள் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: "ஹெர்..., உங்கள் அம்மா விருந்தாளி."

அம்மா பெருக்கினால் பாட்டிக்குப் பொறுக்காது. நான் பெருக்கினால் அம்மாவுக்குப் பொறுக்காது. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று நாம் சொல்வோமே, அந்த நாலு பேரில் இரண்டு பேர் இந்தப் படியின் மேலேயும் கீழேயும் ஆளுக்கொரு சட்டத்தோடு நிற்கிறார்கள், நடுவில் நான். கடைசியில் நான் பெருக்குவது என்றும், அதுவரை அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது என்றும் முடிவாயிற்று. பார்க்கவில்லை என்றால் அவளுக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்: "மூலையப் பாரு." சத்தத்தை வைத்தே விட்டுப்போன இடம் அவளுக்குத் தெரிந்தது.

ஜூலையில் அம்மா கிளம்பியது ஒரு சனிக்கிழமை. என் முறை வாரம். விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனதும் பெருக்கிடாத. போய்ச் சேர்ந்துட்டேன்னு சொன்னப்புறம் பெருக்கு" என்றாள். சென்னையில் இறங்கி, ஞாயிறு இரவு மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்து வீட்டுக்குப் போக, திங்கள் விடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தேன். அவள் மடித்து வைத்த போர்வை, அவள் கழுவிக் கவிழ்த்த டம்ளர். கதவில் பலகை. துடைப்பத்தைத் தொடவில்லை. சாயங்காலம் மணி அடித்தது. பாட்டி. நாலு வருடத்தில் முதல் தடவையாகப் படி அப்படியே கிடந்தது.

ஊருக்குப் போகிறவர் போய்ச் சேரும்வரை எங்கள் வீடுகளில் பெருக்க மாட்டோம், பெருக்கினால் போனவரையே பெருக்கித் தள்ளியதுபோல ஆகிவிடும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் கதவுப்பிடியில் இருந்த பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்போது போய்ச் சேருவார்?"

"திங்கட்கிழமை காலையில்."

"சரி, திங்கட்கிழமை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கள் காலை இங்கே மணி ஆறு. அம்மாதான் கூப்பிட்டாள். வந்து சேர்ந்துவிட்டாள், குளித்துவிட்டாள், இட்லியும் ஆயிற்று. இரண்டு மாதம் வாசல் எப்படி இருந்தது என்று கேட்டேன். கோலம் இல்லாத வாசலைப் பார்த்தால் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைக்கிற தெரு அது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்பா பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

"கோலம் பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து போட்டுச்சாம். தண்ணி தெளிச்சுப் பெருக்குனது உங்கப்பாதானாம்டா. நாலு மணிக்கே எழுந்திருச்சு. தெருவுல ஒருத்தரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி."

அப்பா துடைப்பத்தைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. எந்தக் கையில் பிடித்தார், குனிந்தா உட்கார்ந்தா என்றெல்லாம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"சரி, நீ போய்ப் பெருக்கு. வேலைக்கு நேரமாகுது" என்றாள் அம்மா.

கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கினேன்.