மார்க் குறைவு என்பதற்காக நர்சிங் கனவை விட்டுவிட வேண்டாம்

ஒவ்வோர் ஆண்டும் பி.யு.சி. (கர்நாடகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு) முடிவுகள் வந்ததும் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு ஒரே கேள்வி வருகிறது: "பொண்ணுக்கு மார்க் கம்மி, நர்சிங் கிடைக்குமா?" பெங்களூருவில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கும் எனக்கு இதற்கு விரிவாகவே பதில் எழுதத் தோன்றுகிறது. இப்படிக் கேட்பவர்களில் பலர், விதி என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே ஏஜென்ட்டைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

இந்த ஆண்டு என் அண்ணன் மகளுக்கும் அதுதான் நடக்க இருந்தது. இயற்பியலில் 38, வேதியியலில் 42, உயிரியலில் 61 வாங்கியிருந்தாள். இரண்டு பாடத்தில் 45 வரவில்லை, அதனால் பி.எஸ்ஸி. நர்சிங்குக்குத் தகுதியே இல்லை, நன்கொடை கொடுத்தால் ஏதாவது பார்க்கலாம் என்று ஓர் ஏஜென்ட் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி அப்படிச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்று, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் கூட்டினால் 45 விழுக்காடு வர வேண்டும் என்பதே விதி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 போதும். அவளுடைய மூன்று மதிப்பெண்களையும் கூட்டினால் 300-க்கு 141, அதாவது 47 விழுக்காடு. அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் அண்ணன் முகம் தெளிந்தது.

தகுதி இருந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு கே.சி.இ.டி. என்ற மாநிலப் பொது நுழைவுத் தேர்வை எழுதி, தரவரிசைப்படி கவுன்சிலிங்கில்தான் கல்லூரி எடுக்க முடியும். கூட்டியும் 45 வராதவர்கள், பி.யு.சி. தேர்வை அதே ஆண்டில் மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளும் வசதி 2024 முதல் இங்கே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அதுவும் ஒத்துவராவிட்டால் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தத்தில் 40 விழுக்காடும், ஆங்கிலத்தில் தனியாக 40 விழுக்காடும் இருந்தால் கலைப் பிரிவு படித்தவர்கள்கூடச் சேரலாம். மூன்று ஆண்டு படித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால், போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. என்ற இரண்டு ஆண்டுப் படிப்பின் வழியாக அதே பட்டத்தை எட்டிவிடலாம். என்னுடன் வார்டில் நிற்கும் மிகத் திறமையான சிலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். "டிப்ளமோதானே" என்று உறவினர்கள் முகம் சுளிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

மதிப்பெண்ணைவிட நான் அதிகம் கவலைப்படுவது கல்லூரித் தேர்வைப் பற்றித்தான். மார்க் குறைந்த பிள்ளைகளின் பெற்றோர், கிடைத்ததே போதும் என்ற பயத்தில் எதையும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பி.எஸ்ஸி. என்றால் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. ஆகவே மாணவிகள் எந்த மருத்துவமனையில் பயிற்சி எடுக்கிறார்கள் என்று கேட்டு, முடிந்தால் அங்கே நேரில் போய், சீருடையில் நிற்கும் மாணவிகளிடமே இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். பிரசவ அறையையே சரியாகப் பார்க்காமல் படிப்பை முடித்து வந்தவர்கள் முதல் வேலையில் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அசல் மதிப்பெண் பட்டியலை எந்தக் காரணத்துக்காகவும் ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்; பாதியில் வேறு நல்ல இடம் கிடைக்கும்போது அதை மீட்பது பெரும்பாடாகிவிடும்.

சேருவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களில் ஆங்கிலத்தையும் சாதாரணக் கணக்கையும் தேற்றிக்கொள்வது நல்லது. ஜென்டாமைசின் ஊசி மருந்து 2 மில்லியில் 80 மில்லிகிராம் என்று வருகிறது. மருத்துவர் 60 மில்லிகிராம் எழுதினால், சிரிஞ்சில் 1.5 மில்லி எடுக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்லத் தெரிய வேண்டும். இதற்கு ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கே போதும், ஆனால் அது பிசகினால் பாதிக்கப்படுவது நோயாளி. வேதியியலில் 42 வாங்கிய பெண்ணால் இதை நிச்சயமாகக் கற்றுக்கொள்ள முடியும். தினமும் இரவில் என் அண்ணன் மகளுக்கு இப்படி நான்கைந்து கணக்குகள் கொடுத்துவருகிறேன்.

அவள் கே.சி.இ.டி. எழுதியிருக்கிறாள். தரவரிசை வந்ததும் எந்தெந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடுவது என்று நானும் அவளும் உட்கார்ந்து முடிவுசெய்வோம். இடம் கிடைக்காமல் போனால் சேர்ப்பதற்கென்று, நல்ல மருத்துவமனையோடு இணைந்த ஒரு ஜி.என்.எம். பள்ளியின் விண்ணப்பத்தையும் அண்ணன் வாங்கி வைத்திருக்கிறார்.