விழுந்துவிட்டதென்று நான் நினைத்த நஞ்சுக்கொடி

எங்கள் வெள்ளாடு பிழைத்துவிட்டது. ஆனால் அது பட்ட ஐந்து நாள் பாட்டில் பாதி என் கவனக்குறைவால் வந்தது என்பதால், ஆற்றாமை தீருமுன்பே இதை எழுதிவிடுகிறேன்.

பாலக்கோடு வட்டத்தில் மானாவாரியாகக் கேழ்வரகும் அவரையும் போடும் குடும்பம் எங்களுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிய சேலம் கருப்பு இனத்துப் பெட்டை ஆடு, போகியன்று இரவு பதினொரு மணிக்குத் தன் மூன்றாம் ஈற்றில் இரட்டைக்குட்டி போட்டது. முதல் குட்டி தானாக வந்தது. இரண்டாவது கால் மடங்கி நின்றதால், பக்கத்து வீட்டுப் பெரியப்பா கையை விட்டுத் திருப்பி எடுத்தார். அவர் கையைத் தண்ணீரில் அலசினாரே தவிர, சோப்புப் போட்டுக் கழுவவில்லை, உறையும் போடவில்லை. குட்டிகள் இரண்டும் அரை மணி நேரத்துக்குள் எழுந்து சீம்பால் குடித்துவிட்டதால் அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

பொங்கலன்று விடியலில் நஞ்சுக்கொடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கனம் இழுத்தால் விழுந்துவிடும் என்று சொல்லி, பெரியப்பா அதில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டிவிட்டார். நானும் தடுக்கவில்லை. மதியம் பொங்கல் வைத்து முடித்துப் பட்டிக்குப் போனபோது செருப்பு தரையில் கிடந்தது. நாய் எதையோ கவ்விக்கொண்டு வேலி தாண்டி ஓடியது. கொடி விழுந்துவிட்டது, நாய் தின்றுவிட்டது என்று நிம்மதியாகத் திரும்பினேன். விழுந்தது முழுக்கொடியா, அறுந்த துண்டா என்று பார்க்க என் கையில் எதுவும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று ஆடு தழையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. முந்தின நாள் வீட்டார் வாழை இலையோடு வைத்த பொங்கலைத் தின்றதால் வந்த மந்தம் என்று எண்ணினோம். பின்புறத்தில் பழுப்புச் சிவப்பாகக் கசிவு இருந்தது. ஈன்ற ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரம் வரை அப்படிக் கசிவது இயல்புதான் என்பது எனக்குத் தெரியும், தெரிந்ததாலேயே ஏமாந்தேன். இயல்பான கசிவு நாறாது. மறுநாள் காலை பட்டிப் படலைத் திறந்தவுடன் செத்த எலி கிடப்பதுபோல் வாடை அடித்தது. குட்டிகள் மடியை முட்டி முட்டிக் கத்தின. ஆடு விலகிப்போய் முதுகைக் கூனிக்கொண்டு முக்கியது. அசை போடவே இல்லை.

அன்று உழவர் திருநாள். பதினோரு கிலோமீட்டர் வண்டியில் போய்க் கால்நடை மருந்தகத்தின் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் என்பது தெரிந்திருந்தும், விடுமுறையில் யார் வரப்போகிறார்கள் என்று நானே முடிவுகட்டி அழைக்காமல் விட்டேன். வழியில் ஊசி போடும் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் ஆட்டைத் தொட்டுப் பார்த்து ஓர் ஊசி போட்டு 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். மாலையில் ஆடு இரண்டு வாய் அகத்தி தின்றபோது அவரைத் தெய்வமாகவே நினைத்தேன். விடிவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

அடுத்த நாள் மருந்தகம் திறந்திருந்தது. மருத்துவர் முகாமுக்குப் போயிருந்தார். அங்கிருந்த உதவியாளர் நாற்காலியை விட்டு எழாமலே, “ஆடு எங்கே?” என்றார். கொண்டுவரவில்லை என்றேன். “கொடி முழுசா விழுந்துச்சா? எத்தனை மணிக்கு? காய்ச்சல் எவ்வளவு?” என்று அடுக்கினார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. “அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?” என்றார். அவர் பேசிய விதம் இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது. ஆனால் கேள்விகள் மூன்றும் சரியான கேள்விகள் என்பதை மறுக்க முடியவில்லை.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று 1962க்கு அழைத்தேன். மதியம் இரண்டரைக்கு ஊர்தி வந்தது. அதில் வந்த மருத்துவர் முதலில் வெப்பமானியை ஆசனவாயில் வைத்தார்: 105.4 டிகிரி. ஆட்டுக்கு 102, 103 டிகிரி இயல்பு என்பதால், மனிதக் கணக்கை வைத்துப் பயப்படவும் கூடாது, கையால் தொட்டுப் பார்த்துத் தேறவும் கூடாது என்றார். காது சில்லிட்டு, உடல் வெப்பம் குறைந்து, ஆடு தள்ளாடியிருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவையும், இரட்டைக்குட்டி சுமந்த ஆட்டின் மூச்சில் இனித்த வாடை வந்தால், தீனி போதாமல் உடல் கொழுப்புக் கரைவதால் வரும் கீட்டோன் நோயையும் சந்தேகித்திருப்பாராம். பிறகு மடியை இருபுறமும் அழுத்திப் பார்த்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் கறுப்புத் துணியில் பால் பீய்ச்சித் திரிதிரியாக வருகிறதா என்று பார்த்தார். மடியில் குறையில்லை. கறந்த பால்தான் மிகக் குறைவு.

கருப்பை அழற்சி என்றார். ஆட்டின் நஞ்சுக்கொடி ஒரே தகடாக ஒட்டியிருப்பதில்லை. பொத்தான் போன்ற பல முடிச்சுகளில் கருப்பையைப் பற்றியிருக்கிறது. கனம் கட்டினாலோ கையால் இழுத்தாலோ இடையில் அறுந்து, மிச்சம் உள்ளே அழுகும். சில நேரம் கருப்பையே வெளியே தள்ளிவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும், அதுவரை தொங்குவதைத் தொடாமல் விட வேண்டும் என்றார். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைப் போட முடியாதா என்று கேட்டேன். ஈன்ற முதல் இரண்டு நாள் கடந்துவிட்டால் கருப்பை அதற்குப் பெரிதாக இசைவதில்லை என்று அவர் சொன்னபோது, மந்தம் என்று எண்ணிச் சும்மா இருந்த மாட்டுப் பொங்கல் நாள் நினைவுக்கு வந்தது.

ஊசிக்காரர் விட்டுச்சென்ற காலிக் குப்பியைக் காட்டினேன். மனிதருக்கான டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. காய்ச்சலை அரைநாள் மறைத்ததே தவிர, கிருமியை அது ஒன்றும் செய்யாது. மேலும், அந்த மருந்து ஏறிய உடலைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன என்பதால் 2006இலேயே கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்திருக்கிறார்கள். மருத்துவர் அதற்குப் பதில் மெலாக்சிகாம் என்ற வேறொரு வலி மருந்தைப் போட்டார். எடையைக் கணக்கிட்டு, கிருமியைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் போட்டார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கருப்பை வாய் மூடத் தொடங்கியிருந்ததால் உள்ளே மாத்திரை வைக்கவில்லை. கைபட்ட ஈற்று என்பதால் தடுப்பூசியாக டெட்டனஸ் டாக்சாய்டும் போட்டார்.

அம்மா கேழ்வரகுக் கூழைப் புட்டியில் ஊற்றி ஆட்டின் தலையை அண்ணாத்திப் புகட்டப் போனபோதுதான் மருத்துவர் குரலை உயர்த்தினார். அப்படிப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும்; அசை நின்ற வயிற்றில் மாவு போனால் புளித்து வேறு கேடு செய்யும். பசுந்தழையும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும் என்றார். கசிவைத் தொடுகிறவர்கள் உறை போட வேண்டும், கர்ப்பிணிகள் பட்டிப்பக்கமே வரக்கூடாது என்றும் எச்சரித்தார். கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா போன்ற கிருமிகள் கொடி வழியாக மனிதருக்கும் தொற்றுமாம். நாய் தின்றதைச் சொன்னேன். இனிக் கொடியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொன்னார். செலவு எதுவும் கேட்கவில்லை.

மறுநாளும் மருந்து தொடர்ந்தது. குட்டிகளுக்குப் பசும்பாலைப் புட்டியில் கொடுத்தோம். கறுப்புக் குட்டி உடனே பழகியது, வெள்ளைப் புள்ளிக்காரன் இரண்டு நாள் முரண்டு பிடித்தான். மருந்து போட்ட ஆட்டின் பாலை மருத்துவர் சொன்ன நாள்வரை வீட்டுக்குக் கறக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குக் கைவிளக்கோடு பட்டிக்குப் போனேன். ஆடு படுத்திருந்தது. வெப்பமானியில் 102.8. விளக்கை அணைக்கப்போகும்போது அதன் கழுத்தின் இடப்பக்கம் ஓர் உருண்டை கீழிருந்து மெல்ல மேலேறியது. ஒரு நொடி நின்று, தாடை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். விழுங்குவதற்குள் ஐம்பத்திரண்டு முறை மென்றது.