கெண்டைக்கால் பிடித்த இரவு

நேற்றிரவு இரண்டு மணிக்கு வலது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. தொட்டால் கருங்கல். அம்மா ஓடிவந்து பாதத்தை மேல்நோக்கி மெல்ல வளைத்துப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

பிறகு தூக்கமே வரவில்லை. தசை சுருங்கும்போது அதனுள்ளிருக்கும் இழைகள் சுருங்குவதில்லை என்பது எத்தனை வியப்பு! தடித்த மயோசின் என்னும் புரத இழையின் தலைகள் மெல்லிய ஆக்டின் என்னும் புரத இழையைப் பற்றி இழுக்க, ஒன்றையொட்டி மற்றொன்று வழுக்கிச் செல்கிறது. 1954இல் இதைத் தனித்தனியே சொன்ன இரண்டு ஆய்வுக் குழுக்களிலும் ஹக்ஸ்லி என்ற பெயரில் ஒருவர் இருந்தார். இருவரும் உறவினர்கள் அல்லர்.

பற்றிய பிடியை விடுவதற்கே அந்த மயோசின் தலைக்கு, செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வேண்டும். உயிர் போனபின் உடல் விறைப்பது, ஏடிபி தீர்ந்து தலைகள் பிடித்தபடியே நின்றுவிடுவதால். அதை நினைத்தபடி விடியும்வரை காலைத் தடவிக்கொண்டிருந்தேன். படி இறங்கினால் இன்னும் லேசாக நோகிறது.